ஸ்போர்ட்ஸ் கார் பிரேக் டிஸ்க்: ஓட்டை போட்டதா, கோடு போட்டதா, பிளெய்னா? எதை வாங்கணும்?

செகண்ட் ஹேண்டில் ஒரு போர்ஷே பாக்ஸ்டரோ கேமனோ எடுத்தவர்களுக்கு முதல் சர்வீஸிலேயே வரும் வார்த்தை இது: "சார், டிஸ்க் லிமிட்டைத் தாண்டிடுச்சு, மாத்தியாகணும்." அங்கிருந்து ஆரம்பிக்கிறது குழப்பம். கார் கம்பெனி பெட்டியில் வரும் டிஸ்க் ஒரு விலை. அதே அளவில் வெளிக் கம்பெனி டிஸ்க் இன்னொரு விலை. இதில் ஓட்டை போட்டது, கோடு போட்டது, ரெண்டும் சேர்ந்தது, நடுவில் அலுமினியம் வைத்தது என்று வகை வகையாக இருக்கு. போதாக்குறைக்கு, "கார்பன் செராமிக் போட்டுட்டா ஜென்மத்துக்கும் மாத்த வேண்டாம்" என்று அடித்துச் சொல்ல ஒரு நண்பர் எப்போதும் இருப்பார்.

இதில் தப்பாகத் தேர்வு செய்தால் காசு மட்டும் போவதில்லை. டிராக்கில் டிஸ்க் விரிசல் விடலாம். மலை இறக்கத்தில் பெடல் மெத்தென்று உள்ளே போகலாம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். ரோட்டில் மட்டும் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு, கார் ஃபேக்டரியிலிருந்து வந்தபோது இருந்த அதே அளவில், நல்ல கம்பெனியின் வார்ப்பிரும்பு டிஸ்க் போதும். மிச்சமாகும் காசை பேடுக்கும் பிரேக் ஆயிலுக்கும் போடலாம். ஏன் அப்படி?

டிஸ்க் ஒரு தோசைக்கல்

காரை நிறுத்துவது டிஸ்க் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ரோட்டைப் பிடித்து நிறுத்துவது டயர். பெடலை ஓங்கி மிதித்ததும் ஏபிஎஸ் தடதடவென்று வேலை செய்தால், டயரால் தாங்க முடிந்ததைவிட அதிக பிரேக் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் அந்த ஒரு நிறுத்தத்தில் தூரம் குறையாது.

டிஸ்க்கின் வேலை வேறு. காரின் வேகத்தைச் சூடாக மாற்றி, அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மெதுவாகக் காற்றில் விடுவது. தடிமனான இரும்பு தோசைக்கல் நிதானமாகச் சூடேறும், சட்டென்று சூடு மாறாது. மெல்லிய தகரம் நிமிஷத்தில் பழுத்துவிடும். டிஸ்க்கிலும் அதே கதைதான்.

ஒரு சின்னக் கணக்கு. ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடை உள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 5.8 லட்சம் ஜூல் ஆற்றல் சூடாக மாறுகிறது. 200 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் அது இரண்டு மடங்கு ஆகாது. நாலு மடங்கு, சுமார் 23 லட்சம் ஜூல். இதில் 70 சதவீதத்தை முன்பக்க பிரேக் வாங்கிக்கொள்கிறது என்றும், முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 10 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், 200-லிருந்து ஒரே ஒரு தடவை நிற்பதற்கு டிஸ்க்கின் சூடு ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸ் ஏறும். அதே டிஸ்க் 7 கிலோவாக இருந்தால் 240 டிகிரி. இன்ஜின் நடுவிலோ பின்னாலோ உள்ள கார்களில் பின் பிரேக்கும் கொஞ்சம் கூடுதலாகப் பங்கு எடுக்கும், கணக்கு சற்று மாறும். ஆனால் விஷயம் அதேதான். டிஸ்க்கில் இரும்பு குறைந்தால் சூடு கூடும்.

"200-ல யார் போறாங்க?" என்று கேட்கலாம். சரி, மலைக்குப் போவோம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளிலோ யாரும் 100-ஐத் தொடுவதில்லை. ஆனால் அதே 1,500 கிலோ கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 147 லட்சம் ஜூல். அதாவது 100 கி.மீ. வேகத்திலிருந்து 25 தடவை அடித்து நிறுத்துவதற்குச் சமம். காற்றும் டயர் உராய்வும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கியரைக் குறைத்து இறங்கினால் இன்ஜினும் பெரிய பங்கை எடுக்கும். டாப் கியரில் வைத்து, பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் பாக்கி எல்லாம் டிஸ்க் தலையில்தான். போதாததற்கு வேகம் குறைவு என்பதால் டிஸ்க்கை ஆற்றும் காற்றும் குறைவு.

முதல்ல, நிஜமாவே மாத்தணுமா?

ஒவ்வொரு டிஸ்க்கின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ "மின் டிஎச்" என்று ஒரு எண் பொறித்திருக்கும். அதுதான் குறைந்தபட்சத் தடிமன். பல கார்களில் புது டிஸ்க்கைவிட 2 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் குறைவாக இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் மைக்ரோமீட்டரை வைத்து உங்கள் முன்னாலேயே அளக்கச் சொல்லலாம். சாதாரண வெர்னியர் காலிப்பர் ஓரத்தில் தேயாமல் நிற்கும் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, டிஸ்க் இன்னும் தடிமனாக இருப்பதுபோலக் காட்டிவிடும்.

பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆடுகிறதா? "டிஸ்க் வளைஞ்சிடுச்சு" என்பது உடனடித் தீர்ப்பு. பல நேரம் டிஸ்க் வளைவதே இல்லை. சூடான பேடின் பொருள் டிஸ்க் மேல் ஒரு பக்கம் அதிகமாகவும் இன்னொரு பக்கம் குறைவாகவும் ஒட்டி, தடிமன் சீரில்லாமல் போவதுதான் நடக்கிறது. வேகமாக வந்து நின்று, சிக்னலில் பெடலை அழுத்தியபடியே காத்திருந்தால் பேடின் அச்சு டிஸ்க்கில் பதியும். அல்லது போன தடவை டிஸ்க் மாற்றியபோது ஹப்பில் இருந்த துருவைச் சுரண்டாமலே மாட்டியிருப்பார்கள். டிஸ்க் சுற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்பதை டயல் கேஜ் வைத்துப் பார்க்கணும். பல கார்களில் அனுமதிக்கப்படும் ஆட்டம் 0.05-லிருந்து 0.1 மில்லிமீட்டர் வரைதான். துருவைச் சுத்தம் செய்யாமல் புது டிஸ்க் போட்டால், சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே ஆட்டம் திரும்ப வரும். காசு கொடுத்தவருக்கு "டிஸ்க் டூப்ளிகேட் போல" என்ற சந்தேகமும் வரும்.

லேத்தில் போட்டுச் சீவலாமா? சீவிய பிறகும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேலே இருந்தால், பிளெய்ன் டிஸ்க்கில் முடியும். ஆனால் மேலே பார்த்த தோசைக்கல் கணக்கு ஞாபகம் இருக்கட்டும். சீவச் சீவ இரும்பு குறைகிறது.

மேற்பரப்பில் நூல் நூலாகத் தெரியும் சின்ன வெடிப்புகள் சூட்டால் வருபவை, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு விரிசல் டிஸ்க்கின் வெளி ஓரத்தைத் தொட்டுவிட்டாலோ, ஓர் ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டை வரை ஓடினாலோ, தடிமன் எவ்வளவு பாக்கி இருந்தாலும் அந்த டிஸ்க்கை அன்றே கழற்றிவிட வேண்டும்.

ஓட்டை எதற்கு?

அலாய் வீல் இடுக்கில் ஓட்டை போட்ட டிஸ்க் தெரிவது அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது வந்த கதை வேறு. அந்தக் காலத்து பேடுகள் கடுமையாகச் சூடேறும்போது உள்ளிருக்கும் பசைப் பொருள் எரிந்து வாயு கிளம்பும். அந்த வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மெத்தை மாதிரி நின்று பிடிமானத்தைக் கெடுக்கும். வாயு வெளியேற வழி செய்யத்தான் ஓட்டை. இன்றைய பேடுகளில் அந்தத் தொல்லை மிகவும் குறைந்துவிட்டது. இப்போது ஓட்டையால் கிடைக்கும் உருப்படியான லாபம் மழையில்தான். தண்ணீர் ஒதுங்க இடம் கிடைப்பதால் முதல் மிதியிலேயே பிரேக் பிடிக்கும்.

நஷ்டம் என்ன? ஒவ்வொரு ஓட்டையும் கொஞ்சம் இரும்பை எடுத்துவிடுகிறது. அதைவிட முக்கியம், டிராக்கில் டிஸ்க் 600 டிகிரியைத் தாண்டிச் சூடேறி, அடுத்த நேர்ப் பாதையில் ஆறி, மறுபடி சூடேறும்போது விரிசல் பெரும்பாலும் ஓட்டையின் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். போர்ஷே தன் ரோட்டுக் கார்களுக்கு ஓட்டை டிஸ்க்கே கொடுக்கிறதே என்றால், அந்த ஓட்டைகள் விளிம்பு மழுக்கி, சோதித்துப் பார்த்துப் போடப்பட்டவை. பிளெய்ன் டிஸ்க்கை வாங்கி டிரில்லிங் மெஷினில் வைத்து ஓட்டை போட்டு விற்பது வேறு கதை. அதை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

கோடு போட்ட டிஸ்க், அதாவது ஸ்லாட்டட், நடுவாந்திரம். கோடுகள் பேடின் மேல்பரப்பைச் சுரண்டிப் புதுசாக வைத்திருக்கும், தூசியையும் தண்ணீரையும் தள்ளும், விரிசல் பயமும் குறைவு. பதிலுக்கு பேடு சீக்கிரம் தேயும், பிரேக் பிடிக்கும்போது "உர்ர்" என்று ஒரு சத்தம் இருக்கும்.

ரேஸ் கார்களே இதற்கு நல்ல சாட்சி. நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் 991 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த பிறகு, போர்ஷே கப் கார்கள் தமிழ்நாட்டில் வீட்டுப் பெயராகிவிட்டன. 911-ஐ அடிப்படையாக வைத்து ரேஸுக்காகவே கட்டப்படுபவை இவை. இப்போதைய 911 ஜிடி3 கப் காரின் முன் டிஸ்க் 380 மில்லிமீட்டர். கோடு போட்டது. ஓட்டையும் கிடையாது, செராமிக்கும் கிடையாது.

கார்பன் செராமிக்: லாபம் யாருக்கு?

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். எஃப்1 காரில் இருப்பது கார்பன் - கார்பன் டிஸ்க். நல்ல சூடு ஏறினால்தான் அது ஒழுங்காகப் பிடிக்கும், கடைக்குப் போய் பால் வாங்கி வருவதற்கு ஆகாது. ரோட்டுக் காரில் வருவது கார்பன் இழையும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த செராமிக். போர்ஷே 2000-களின் தொடக்கத்தில் 911 ஜிடி2-வில் கொண்டுவந்தது இதைத்தான். மஞ்சள் கேலிப்பர் தெரிந்தால் அநேகமாக அதுதான்.

எடை இரும்பில் ஏறத்தாழ பாதி. சக்கரத்தோடு சுற்றும் எடை குறைவதால் சஸ்பென்ஷனுக்கும் ஸ்டியரிங்குக்கும் நல்லது. துரு பிடிக்காது, வீலில் கரி படியாது. ரோட்டில் நிதானமாக ஓட்டினால் நிஜமாகவே மிக நீண்ட காலம் வரும். நண்பர் சொன்னது அந்த மட்டும் சரி.

சொல்லாமல் விட்டது இது: மாற்ற வேண்டி வந்தால் செலவு லட்சங்களில். தொடர்ந்து டிராக்கில் ஓட்டினால், அதீதச் சூட்டில் டிஸ்க்கில் உள்ள கார்பன் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து போகும். அதனால் இதன் தேய்மானத்தைத் தடிமனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. டிஸ்க்கைக் கழற்றி எடை போட்டு, அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச எடையோடு ஒப்பிட்டும் பார்ப்பார்கள். இன்னொன்று நம்ம ஊருக்கே உரியது. பஞ்சர் கடையில் வீலைக் கழற்றும்போது அலாய் வீல் டிஸ்க் ஓரத்தில் லேசாக இடித்தாலே சில்லு பெயரலாம். செராமிக்கோடு வந்த காரை டிராக்குக்குக் கொண்டுபோகும் பலர், அந்த செட்டைக் கழற்றி வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு இரும்பு டிஸ்க் போட்டுக்கொள்வதற்குக் காரணம் இதுதான். அப்படிச் செய்தால் பேடையும் சேர்த்து மாற்ற வேண்டும். செராமிக் பேடு இரும்புக்கு ஆகாது, இரும்பு பேடு செராமிக்குக்கு ஆகாது.

இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று உண்டு. 2017-ல் கயேன் காரோடு போர்ஷே அறிமுகம் செய்த, இரும்பின் மேல் டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க். கண்ணாடி மாதிரி பளபளக்கும், கேலிப்பர் வெள்ளை நிறம். சாதாரண டிஸ்க்கைவிட 30 சதவீதம் அதிகம் உழைக்கும், கரி 90 சதவீதம் வரை குறையும் என்பது போர்ஷே சொல்லும் கணக்கு. இதை லேத்தில் வைக்கவே கூடாது.

அலுமினிய நடுப்பகுதியோடு வரும் இரண்டு துண்டு டிஸ்க் டிராக் பிரியர்களுக்கு. இரும்பு வளையம் சூட்டில் விரிய இடம் இருப்பதால் கோணாது, தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். மாதம் ஒருமுறை ஈசிஆர் போய் வருபவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

கடையில் எதைப் பார்க்கணும்?

மாடல் பெயரைச் சொல்லி வாங்கக் கூடாது. முதல் தலைமுறை பாக்ஸ்டரின் முன் டிஸ்க் 298 மில்லிமீட்டர், அதே காலத்து பாக்ஸ்டர் எஸ்-க்கு 318. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பரை எடுத்த பிறகுதான் கடைக்குப் போகணும், அது ஜி.பி. ரோடானாலும் சரி, ஆன்லைனானாலும் சரி.

ஐரோப்பாவில் மாற்று டிஸ்க்குக்கு ஆர்90 என்ற ஒழுங்குமுறை இருக்கிறது. அந்த அங்கீகார எண் டிஸ்க்கிலோ பெட்டியிலோ இருந்தால் நல்லது. "ஹை கார்பன்" என்று எழுதியிருந்தால் அது வெறும் விளம்பர வார்த்தை இல்லை. கார்பன் கூடுதலான வார்ப்பிரும்பு சூட்டை நன்றாகக் கடத்தும், சத்தத்தையும் அதிர்வையும் அடக்கும், விரிசலைத் தாங்கும். கடலோர ஊரில் கார் நிற்கிறதென்றால் நடுப்பகுதியிலும் ஓரத்திலும் துருத்தடுப்புப் பூச்சு உள்ளதாகப் பார்க்கலாம்.

பெட்டி அச்சு அசல் ஒரிஜினல் மாதிரியே இருக்கும், உள்ளே டூப்ளிகேட் இருக்கும். பழைய டிஸ்க்கையும் புதுசையும் எடை மெஷினில் வைத்துப் பார்ப்பது எளிய வழி. தேய்ந்துபோன பழசைவிடப் புதுசு எடை குறைவாக இருந்தால், அல்லது உள்ளே காற்றுத் தடுப்புகளின் எண்ணிக்கை குறைந்திருந்தால், திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சில டிஸ்க்குகளில் உள் தடுப்புகள் வளைந்திருக்கும். அப்படியானால் இடது வேறு, வலது வேறு. டிஸ்க் சுற்றும்போது உள்ளிருந்து வெளியே காற்றைத் தள்ளுகிற பம்ப் அது. மாற்றி மாட்டினால் பம்ப் சரியாக வேலை செய்யாது. வெளியே தெரியும் கோடுகளின் சாய்வை வைத்து முடிவு செய்யாமல், உள்ளே எட்டிப் பார்க்கணும். மேல் பாதியில் தடுப்புகள் நடுவிலிருந்து வெளியே வரும்போது காரின் பின்பக்கமாகச் சாய வேண்டும்.

பெரிய டிஸ்க் கிட் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னால் மட்டும் பெரிதாக்கினால் முன் - பின் பிரேக் விகிதம் மாறுகிறது. பின் டயரின் பிடிமானம் முழுசாகப் பயன்படாமல் போய், நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. அதே அளவு டிஸ்க்கை மாற்றுவது இதில் வராது. கேலிப்பர் உட்பட மாற்றுவதாக இருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது புத்திசாலித்தனம்.

பேடும் ஆயிலும்தான் நிஜமான அப்கிரேடு

பல ரோட்டு பேடுகள் 400 டிகிரி வாக்கில் சோர்ந்துபோக ஆரம்பிக்கும். டிராக் பேடு அதற்கு மேலும் தாங்கும், ஆனால் காலையில் குளிராக இருக்கும்போது சரியாகப் பிடிக்காது, ஊரைக் கூட்டும்படி கத்தும். இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு வருஷத்தில் இரண்டு நாள் போகிறவர், அந்த நாட்களுக்கு மட்டும் ஒரு செட் டிராக் பேடு வைத்துக்கொண்டால் போதும். பிளெய்ன் டிஸ்க்கோ கோடு டிஸ்க்கோ அதே இருக்கட்டும்.

பிரேக் ஆயில் விஷயத்தில்தான் நம்மில் பலர் அலட்சியம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 155-க்கு வந்துவிடலாம். டாட் 5.1-க்கு இது 260, 180. மலை இறக்கத்தில் பெடல் திடீரென்று மெத்தென்று போவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். ஆயில் கொதித்து ஆவியாகி, நீங்கள் மிதிக்கும் அழுத்தம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். எத்தனை லட்ச ரூபாய் டிஸ்க் இருந்தாலும் அந்த நேரத்தில் பயன் இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதற்கு ஆகும் செலவு, ஒரு டிஸ்க்கின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. டாட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது சிலிக்கன். பெயர் ஒற்றுமையைப் பார்த்து இதோடு கலந்துவிடக் கூடாது.

மாட்டிய பிறகு

ஒரு ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், பேடும் புதுசு. துருப் பிடிக்காமல் இருக்க ஆயில் தடவி வரும் டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்த பிறகுதான் மாட்டணும். வீல் போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து பெட்டிங், அதாவது பேடையும் டிஸ்க்கையும் பழக்குவது. அதிகாலையில் பின்னால் வண்டி வராத காலி ரோட்டில் 80 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை, ஏபிஎஸ் வேலை செய்யாத அளவுக்கு அழுத்தி, எட்டு முதல் பத்துத் தடவை குறைக்கணும். நடுவில் முழுசாக நிறுத்தக் கூடாது. பேடு கம்பெனி பெட்டியில் வேறு முறை போட்டிருந்தால் அதைத்தான் பின்பற்றணும். கடைசியில் பத்து நிமிஷம் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆற விட வேண்டும். கருகிய வாடை லேசாக வரும், பயப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, டயருக்கு ஒரு கல் வைத்தால் சூடான டிஸ்க்கில் அச்சு விழாது. மறுநாள் காலையில் டிஸ்க்கைப் பார்த்தால் முகம் முழுக்க ஒரே சீராக நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கணும். திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அதே பெட்டிங்கை இன்னொரு தடவை செய்து பார்க்கலாம்.